அறுபத்தொன்று முதல் எண்பத்துநான்கு வரை

ஜனவரி 1, வியாழன்

ஹார்டுவேர் கடைக்காரர் கொடுத்த டைரி. போன வருஷமும் ஒன்று கொடுத்தார். வீட்டில் அதை வைத்து கரப்பான் பூச்சி அடித்தார்கள். தூக்கம் வராவிட்டால் அன்றன்று நடந்ததை எழுதிவிட்டுப் படுங்கள் என்று டாக்டர் சொன்னதால், இந்த வருஷம் எழுதிப் பார்க்கிறேன்.

பிற்பாடு யாராவது எடுத்துப் படித்தால் தலையும் புரியாது, வாலும் புரியாது. அதனால் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். பெயர் கோமதிநாயகம், வயது ஐம்பத்துமூன்று. தென்காசிப் பக்கம் மலையடிவாரத்தில் இருக்கும் கேளிக்கைப் பூங்காவில் 'காட்டெருமை' என்று ஒரு மர ரோலர் கோஸ்டர் ஓடுகிறது. தண்டவாளம் மட்டும் இரும்பு, அதன் அடிப்பலகைகளும் மரம், தாங்கும் கால்களும் மரம். மொத்தம் நூற்றிருபது தூண். ஒன்றிலிருந்து அறுபது வரை மலைப்பக்கம் போகும். அங்கே வளைந்து, அறுபத்தொன்றிலிருந்து நூற்றிருபது வரை பக்கத்திலேயே திரும்பி வரும். போகிற தடத்துக்கும் வருகிற தடத்துக்கும் நடுவில் இருபதடிதான் இடைவெளி. ஜனங்கள் வருமுன் ஓரப்பலகையில் நடந்து, ஒவ்வொரு தூணையும் கொட்டாப்புளியால் இரண்டு தட்டு தட்டிப் பார்ப்பது என் வேலை. கொட்டாப்புளி என்றால் மரச்சுத்தி. நல்ல மரம் டொக் என்னும், உள்ளே கெட்டது பொத் என்னும்.

இதற்கு இரண்டு ஆள். நான் ஒன்றிலிருந்து, யேசுவடியான் நூற்றிருபதிலிருந்து. ஒரே நேரத்தில் ஏறி, ஊர்க்கதை பேசிக்கொண்டே இணையாகத் தட்டிக்கொண்டு போய், மலைப்பக்க வளைவில் சந்திப்போம். ரெஜிஸ்டரில் இரண்டு கட்டம், இரண்டு கையெழுத்து. நவம்பர் ஒன்பதாம் தேதி யேசுவடியான் எண்பத்துநான்காம் தூணில் கால் வைக்கும்போது விழுந்து இறந்துபோனார். புது ஆள் வரும்வரை இரண்டு கட்டத்திலும் நீங்களே போடுங்கள் என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

இன்று ஆறேகாலுக்கு ஏறினேன். ஏழேகாலுக்கு இரண்டு கட்டத்திலும் கையெழுத்துப் போட்டேன். புத்தாண்டுக் கூட்டம். ஒரு பெண் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஐஸ் கொடுத்து அனுப்பினார்கள்.

ஜனவரி 2, வெள்ளி

வீட்டுக் கிணற்று மோட்டார் ஓடவில்லை. குளிக்காமல் வேலைக்குப் போனேன்.

யேசுவடியானின் மனைவி ரூபாவதிக்கு வாரிசு வேலை கொடுத்திருக்கிறார்கள். டிக்கெட் கவுண்டரில் போடுவார்கள் என்று பார்த்தால், சோதனைச் சவாரியில் போட்டார்கள். நான் கையெழுத்துப் போட்டதும் வண்டியின் எல்லா இருக்கையிலும் மணல் மூட்டை வைத்து, கடைசி இருக்கையில் மட்டும் ஒரு மனுஷர் உட்கார்ந்து ஒரு சுற்றுப் போய்வர வேண்டும். அந்த மனுஷர்தான் ரூபாவதி. இறங்கி 'சரி' என்பாள். அவள் சொல்லாமல் வண்டி ஓட்டும் செய்யதலி நெம்புகோலைத் தொடமாட்டான். அது மேனேஜர் போட்ட சட்டமில்லை, அவனாகப் போட்டுக்கொண்டது.

"ஒரு மனுஷி வாயால கேக்காம நான் வண்டிய விடமாட்டேன் அண்ணாச்சி" என்பான்.

அவளாகவே கேட்டு வாங்கின வேலையாம். ஏன் கேட்டாள் என்று தெரியவில்லை.

ஜனவரி 3, சனி

பதினொன்றாம் தூணில் இருக்கும்போது எதிர்த் தடத்தில் டொக் டொக் என்று கேட்டது. பார்த்தேன், யாருமில்லை. பனியில் ஊறிய மரம் வெயில் பட்டால் விரியும், சத்தம் போடும். தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

ஜனவரி 4, ஞாயிறு

மார்கழியில் ஆறரை மணிக்கு ஏது வெயில் என்று என் வீட்டுக்காரி பேச்சியம்மை கேட்கிறாள். இவளிடம் போய்ச் சொன்னேனே.

ஜனவரி 5, திங்கள்

மோட்டாருக்கு ஆள் வந்தான். மோட்டார் காயில் எரிந்துவிட்டதாம்.

முழங்காலுக்குத் தைலம் வாங்க முதலுதவி அறைக்குப் போனேன். நர்ஸ் சாப்பிடப் போயிருந்தாள். மேஜை மேல் காயப் புத்தகம் விரித்துக் கிடந்தது. படிக்கக் கூடாதுதான், படித்தேன். அக்டோபரில் நான்கு பேர். டிசம்பரில் முப்பத்தொரு பேர். கழுத்துப் பிடிப்பு, முதுகு, முன்பல் உடைந்தது, ஒருவருக்குக் காறை எலும்பு. 'எங்கே' என்ற கட்டத்தில் ஏறக்குறைய எல்லோருக்கும் ஒரே பதில்: திரும்பி வரும்போது, மூன்றாவது மேட்டு இறக்கம்.

மூன்றாவது மேடு என்பது எண்பத்துநான்கையும் அதற்கு முந்தின தூண்களையும் சேர்த்தது.

மேனேஜர் கௌதமிடம் சொன்னேன். சின்ன வயசு, கோயம்புத்தூர்க்காரர், கெட்டவர் என்று சொல்லமாட்டேன்.

"முரட்டு சவாரின்னு போர்டுலயே போட்டிருக்கோம் சார். ஆடலைன்னாதான் கம்ப்ளெயின்ட் வரும். நீங்க தினமும் பாக்குறீங்கல்ல?"

"பாக்கேன்."

"அப்புறமென்ன?"

அப்புறமென்ன. வந்துவிட்டேன்.

ஜனவரி 6, செவ்வாய்

இன்றும் அந்தத் தட்டுச் சத்தம் கேட்டது.

ஜனவரி 8, வியாழன்

எண்ணினேன். நான் ஒன்றைத் தட்டினால் எதிரே நூற்றிருபதில் தட்டுகிறது. நான் இரண்டு, அது நூற்றுப்பத்தொன்பது. எனக்கு முழங்கால் வலி என்பதால் பத்தாம் தூணில் கொஞ்சம் நிற்பேன். அதுவும் நிற்கிறது. யேசுவடியான் எனக்காக நிற்பார், "மெதுவா வாரும், ஓடியா போவுது" என்பார்.

என்னுடைய முப்பத்தாறு வரைக்கும் கூடவே வந்தது. அங்கே எதிரே இருப்பது எண்பத்தைந்து. முப்பத்தேழைத் தட்டினேன். எதிரே ஒன்றுமில்லை. அறுபது வரை ஒன்றுமில்லை.

மரம் எண்ணிப் பார்த்தா விரியும்? இறங்கி வந்து வாயைக் கொப்பளித்தேன்.

ஜனவரி 9, வெள்ளி

பேச்சியம்மை சங்கரன்கோவில் புற்றுமண் கொண்டுவந்து நெற்றியில் பூசிவிட்டாள். வேண்டாமென்று சொல்லவில்லை.

சத்தம் முப்பத்தாறு வரை.

ஜனவரி 10, சனி

எழுதித்தான் தீர வேண்டும். இரண்டு பாதியையும் ஒரு ஆள் பார்த்தால் இரண்டு மணி நேரத்துக்குமேல் ஆகும். நான் ஒரு மணி நேரத்தில் இறங்குகிறேன். இந்த டைரியை யார் எடுத்தாலும் முதல் பக்கத்திலேயே கண்டுபிடித்திருப்பார்கள்.

நவம்பர் பத்தாம் தேதியிலிருந்து நான் அந்தப் பாதியில் ஏறவே இல்லை. அறுபது வரை போவேன், அறுபத்தொன்றைப் பார்ப்பேன், கால் வராது. போன வழியே இறங்கிவிடுவேன். இரண்டாவது கட்டத்தில் போட்ட கையெழுத்து அத்தனையும் பொய்.

இன்னொன்றும் புரிகிறது. நூற்றிருபதிலிருந்து எண்பத்தைந்து வரை அடிபட்டதாகக் காயப் புத்தகத்தில் ஒருவர்கூட இல்லை. அறுபத்தொன்றிலிருந்து எண்பத்துநான்கு வரைதான் எல்லாமே. அதாவது அவர் விழுந்த இடத்திலிருந்து மலைப்பக்க வளைவு வரை. யாரும் தட்டாத இருபத்துநான்கு தூண்.

செத்த மனுஷன் தன் வேலையைப் பார்க்கிறார், உயிரோடிருக்கிறவன் பார்க்கவில்லை. பயமாக இருக்கிறது. பயத்தைவிட வெட்கமாக இருக்கிறது.

ஜனவரி 12, திங்கள்

சவாரி முடித்து ரூபாவதி நேரே என்னிடம் வந்தாள். இடது கையை வலது கையால் பிடித்திருந்தாள்.

"அண்ணாச்சி, மூணாவது மேடு எறங்கையில தூக்கிப் போடுது. ரெண்டு வெரலு மரத்துப் போயிட்டு, ஒரு வாரமாச்சு. அங்கன போல்ட்டு எதும் களண்டு கெடக்கோ?"

நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "பாத்தேன் ரூபா. ஒண்ணுமில்ல."

"நீங்க பாத்துட்டேன்னா சரிதான்" என்றாள். போய்ச் செய்யதலியிடமும் சரி என்றாள். அவன் கேட்டைத் திறந்தான்.

ஜனவரி 13, செவ்வாய்

ஏறலாம் என்று போனேன். அறுபத்தொன்றில் ஒரு கால் வைத்தேன். எடுத்துவிட்டேன்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். பானை பொங்கும்போது குலவைச் சத்தத்துக்குக்கூட நான் வெளியே வரவில்லை என்று பேச்சியம்மைக்குக் கோபம். இரண்டு வாய் சாப்பிட்டேன்.

காணும் பொங்கலுக்குப் பத்தாயிரம் பேர் வருவார்களாம். இரண்டு வண்டியும் ஓடும், நான்கு நிமிஷத்துக்கு ஒன்று, ஒரு இருக்கை காலியாக இருக்கக் கூடாது. மேனேஜர் போனில் சொன்னார். மணல் மூட்டைக்கே தூக்கிப் போடுகிற இடத்தில் நாள் முழுக்க இருபத்துநான்கு பேராக.

ஜனவரி 16, வெள்ளி

மதியம் ஒரு அம்மாளை ஸ்ட்ரெச்சரில் இறக்கினார்கள். கழுத்துப் பட்டி போட்டிருந்தது. வள்ளியூர்க்காரி, நாற்பது வயதிருக்கும். கண் திறந்திருந்தது. "கால் இருக்கா, கால் இருக்கா" என்று புருஷனிடம் கேட்டுக்கொண்டே போனாள். அந்த ஆள் அவள் காலைத் தடவிக்கொண்டே, "இருக்குட்டீ, இங்ஙனதான் இருக்கு" என்று கூடவே ஓடினார்.

"குனிஞ்சிருப்பாங்க சார், போட்டோ எடுக்க" என்றார் மேனேஜர். அவர் முகமும் வெளுத்துத்தான் இருந்தது. ஆனால் வண்டி அடுத்த சுற்றுக்குப் போனது.

நாளைக்குக் காலையில் முதலில் உட்காரப் போவது ரூபாவதி.

ஜனவரி 17, சனி, காணும் பொங்கல்

இன்று நடந்ததை ஒன்றுவிடாமல் எழுத வேண்டும்.

விழாமல் இருக்கத் தூணில் கொக்கி மாட்டுகிற பெல்ட்டைக் கட்டிக்கொண்டு ஆறு மணிக்கே ஏறினேன். மலையில் மேகம் இறங்கி, பத்துத் தூணுக்குமேல் கண் தெரியவில்லை. ஒன்றைத் தட்டினேன். எதிரே தட்டியது. இன்று நான் அதைக் கேட்காத மாதிரி நடிக்கவில்லை. இணையாகவே போனோம். பத்தில் நின்றேன், நின்றது. முப்பத்தாறில் அதன் தட்டு ஓய்ந்தது. நான் மட்டும் அறுபதுக்குப் போனேன்.

அறுபத்தொன்று நன்றாக இருந்தது. அறுபத்தாறு பொத் என்றது. எழுபத்தொன்றில் போல்ட்டை விரலாலேயே திருக முடிந்தது. எழுபத்தேழில் தண்டவாளத்துக்கு அடியில் அடுக்கிய பலகைகள் பிரிந்து, என் உள்ளங்கை நுழைகிற அளவு வாய் பிளந்திருந்தது. வண்டி அதன்மேல் ஏறும்போதெல்லாம் தூக்கிப் போடாமல் என்ன செய்யும்? எல்லாவற்றிலும் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டுக்கொண்டே வந்தேன். எண்பத்துநான்கையும் சேர்த்து எண்ணிக்கை பத்தொன்பது.

எண்பத்துநான்கு வந்தது. யேசுவடியான் விழுந்தபோது ஒடிந்த ஓரப்பலகைக்குப் புதுப்பலகை போட்டிருந்தார்கள். அதைத் தாங்கும் உளுத்த கட்டையை மாற்றவில்லை. வெளியே பெயின்ட் அடித்து வைத்திருந்தார்கள். உட்கார்ந்து பெல்ட் கொக்கியை மாட்டினேன். அப்போது எதிரே எண்பத்தைந்தில், கைக்கெட்டுகிற தூரத்தில், இரண்டு தட்டு கேட்டது. தூண் அதிர்ந்தது எனக்குப் பலகையில் தெரிந்தது. மேகம்தான் இருந்தது, ஆள் இல்லை.

"வந்துட்டேம்யா" என்றேன். வாய்விட்டுச் சொன்னேன். "நேரமாயிட்டு. வந்துட்டேன்."

யாரோ பக்கத்தில் நின்று மூச்சு வாங்குவதுபோல் கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு அதுவும் இல்லை. மீதித் தூண்களையும் தட்டிக்கொண்டே இறங்கினேன். அவையெல்லாம் நன்றாக இருந்தன.

கீழே வரும்போது எட்டரை. எனக்காகக் காத்துப் பார்த்துவிட்டு, யாரோ ரெஜிஸ்டரில் நேற்றைய கையெழுத்தே போதும் என்று சொல்லியிருக்கிறார்கள். ரூபாவதி கடைசி இருக்கையில் உட்கார்ந்து கம்பியை இறக்கிவிட்டாள். செய்யதலி கை நெம்புகோலில். நான் ஓடிப்போய் வண்டிக்கு முன்னால் தண்டவாளத்தில் நின்றேன்.

"எறங்கு ரூபா. நான் அந்தப் பக்கம் பாக்கல. நவம்பர்ல இருந்து ஒருநாளும் பாக்கல. உங்கிட்டப் பொய் சொன்னேன்."

அவள் கம்பியைப் பிடித்தபடி என்னையே பார்த்தாள்.

"தெரியும்" என்றாள். "பாதி தாண்டுனதுமே ஒடம்புக்குத் தெரியும் அண்ணாச்சி. யாரும் பாக்காத எடம் தெரியாமலா போவும்?"

"தெரிஞ்சுமா உக்காந்த?"

"நான் ஒக்காந்து போறதப் பாத்தாவது என்னைக்காச்சும் ஏறுவீயன்னு பாத்தேன். எத்தன நாளு."

எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும்போல் இருந்தது. மேனேஜர் வந்துவிட்டார். வெளியே ரோடு வரைக்கும் வரிசை, பீப்பி ஊதுகிற சத்தம். பத்தொன்பது இடத்தையும் சொன்னேன். "நாளைக்குப் பாத்துக்கலாம், இன்னிக்கு ஒரு நாள்" என்றார். ரூபாவதி இறங்கி, செய்யதலியின் முன்னால் போய் நின்று, "சரியில்ல" என்றாள். அவன் சாவியை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

"வேற ஆள உக்கார வைக்கிறேன்" என்றார் மேனேஜர்.

"வைங்க சார். ஓட்டுறதுக்கும் வேற ஆளப் பாருங்க" என்றான் செய்யதலி.

மேனேஜர் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். முதலாளிக்குப் போன் போட்டார். அரைமணி நேரம் பேசினார். பத்தரைக்கு 'மராமத்து' என்று போர்டு மாட்டினார்கள். ஜனங்கள் எங்களைத் திட்டிக்கொண்டே ராட்டினத்துக்குப் போனார்கள்.

அதற்குப் பிறகுதான் ரூபாவதி கேட்டாள், கேட்க மாட்டாள் என்று நான் நம்பியிருந்ததை.

"அன்னைக்கு அவிய பெல்ட்டு போடாம ஏன் ஏறுனாவ?"

இரண்டு பெல்ட்டில் ஒன்று தையலுக்குப் போயிருந்தது. இன்னொன்று என் அலமாரியில், சாவி என் இடுப்பில். பஸ்ஸை விட்டுவிட்டேன் என்று போலீஸிடம் சொன்னேன், எல்லோரிடமும் சொன்னேன். பஸ்ஸை நான் விடவில்லை. அதற்கு முந்தின நாள் யேசுவடியான், கோமதி அவசரத்தில் தட்டுகிறார், மெதுவாகத் தட்டச் சொல்லுங்கள் என்று மேனேஜரிடம் சொல்லியிருந்தார். எனக்கு ஆத்திரம். பெல்ட் இல்லாமல் ஏற மாட்டார், கொஞ்சம் காத்துக் கிடக்கட்டும் என்று பூங்கா வாசலில் இருக்கும் டீக்கடையில் உட்கார்ந்து இரண்டாவது டீ சொன்னேன். பத்து மணிக்கு வண்டி ஓட வேண்டும் என்று அவர் ஏறிவிட்டார். டம்ளர் கையில் இருக்கும்போதுதான் சத்தம் கேட்டது.

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"டீக்கடையிலயா" என்றாள். அவ்வளவுதான். போய்விட்டாள்.

ஜனவரி 18, ஞாயிறு

எழுதியதைப் பேச்சியம்மையிடம் படித்துக் காட்டினேன். அவள் கிணற்றடியில் போய் உட்கார்ந்துவிட்டாள். சமையல் இல்லை.

ஜனவரி 20, செவ்வாய்

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் பஸ் விஷயத்தைத் திருத்தி எழுதிக் கொடுத்தேன். கூப்பிடும்போது வர வேண்டும் என்றார் எஸ்.ஐ.

திரும்பும்போது ரூபாவதி வீட்டுக்குப் போனேன். வாசலில் நிற்க வைத்தே பேசினாள். உள்ளே கூப்பிடவில்லை, கூப்பிட்டிருந்தாலும் போயிருக்க மாட்டேன்.

"மன்னிப்புக் கின்னிப்புன்னு எங்கிட்ட வராதீய. எனக்கு அது முடியாது. மராமத்து முடிஞ்சா நீங்கதான் ஏறணும். முழுசா. நான்தான் ஒக்காருவேன். ஒரு தூண விட்டாலும் எனக்குத் தெரியும்."

"வேலைய விட்டுப் போலாம்னு இருக்கேன் ரூபா."

"போவக் கூடாது" என்று கதவைச் சாத்தினாள்.

ஜனவரி 29, வியாழன்

தச்சர்கள் வந்து எழுபத்தேழைப் பிரித்தார்கள். வள்ளியூர் அம்மாள் எழுந்து உட்காருகிறாளாம், கால் விரல் அசைகிறதாம். நர்ஸ் சொன்னாள்.

பிப்ரவரி 6, வெள்ளி

மராமத்து முடிந்து முதல் நாள். ஆறு மணிக்கு ஒன்றாம் தூணைத் தட்டிவிட்டுக் காத்திருந்தேன். எதிர்ப்பக்கம் சத்தம் இல்லை. இரண்டைத் தட்டினேன், இல்லை. பத்தில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்காக நிற்க யாரும் இல்லை. அவர் வேலையை விட்டுவிட்டார் போலிருக்கிறது. இத்தனை நாள் பயந்த சத்தத்துக்கு இன்று காது ஏங்கியது. நூற்றிருபதும் நானே தட்டினேன். இரண்டேகால் மணி நேரம் ஆனது.

ரூபாவதி ஒரு சுற்றுப் போய் வந்தாள். கம்பியைத் தூக்கவில்லை, இறங்கவில்லை. செய்யதலி அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் என்னைப் பார்த்து, "முப்பத்தெட்ட இன்னொரு தடவ மெதுவாத் தட்டிப் பாத்துட்டு வாங்க" என்றாள்.

முப்பத்தெட்டு என்னுடைய பாதி. நவம்பரிலும் டிசம்பரிலும்கூட அதை ஒருநாளும் விட்டதில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டு, கொட்டாப்புளியை எடுத்துக்கொண்டு மறுபடி ஏறினேன்.